எண் இருக்கிறது; பெயர் எங்கே?

வைகைக் கரையின் வீரக் கற்களும், அவற்றை நட்ட கைகளும்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும் ரயில் பாதையில், கூடல்நகரை அடுத்து வருவது சமயநல்லூர். அதற்கு அடுத்தது வெற்றிலைக்குப் பேர்போன சோழவந்தான். தெற்கே வைகை ஆறு. கரையோரம் நெல்வயலும் தென்னந்தோப்பும்.

இந்தப் பாதையில் உள்ள சிறு ரயில் நிலையங்கள் பல கண்ணீரைப் பார்த்தவை.

தகரப் பெட்டியோடு மகன் நிற்பான். அம்மா முந்தானையில் முடிந்து வைத்த காசை அவன் கையில் திணிப்பாள். அப்பா ஒன்றும் பேச மாட்டார். வண்டி நகரும்போது மட்டும், "போனதும் லெட்டர் போடுய்யா!" என்று ஒரு குரல் வரும்.

மதுரைச் சமவெளியில் இப்படிப் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் ஏராளம்.

போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். கல்யாணம் செய்தார்கள். பென்ஷன் வாங்கினார்கள். பேரப் பிள்ளைகளுக்குப் பனிமலைக் கதை சொன்னார்கள்.

சிலர் திரும்பவில்லை.

அந்தச் சிலரை ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? அந்த நினைவைக் காப்பாற்றுகிறவர்கள் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், அது வைகை ஆற்றின் மேற்கே கொண்டுபோய் விடுகிறது. அதுவும், 2,000 ஆண்டுகளுக்கு அப்பால்!

ஆற்றங்கரையில் ஒரு கல்

தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். இதுவும் வைகைக் கரை ஊர்தான். சமயநல்லூரைத் தொட்டு ஓடும் தண்ணீர் அந்த ஊரைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

2006-ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே மூன்று கற்களைக் கண்டார்கள். பார்த்தால் சாதாரணக் கற்கள்தான். அளவிலும் பெரியவை அல்ல. ஆனால் அவற்றில் எழுத்து இருந்தது. பழைய தமிழ் எழுத்து. தமிழ்-பிராமி என்று அதைச் சொல்கிறார்கள்.

படித்துப் பார்த்தவர்கள் வியந்து போனார்கள். காரணம், அவை போரில் விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள். வயதோ 2,000 ஆண்டுகளுக்கும் மேல்! எழுத்துப் பொறித்த நடுகற்களில் இந்தியாவிலேயே மிகப் பழையவை என்று இவற்றை அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கற்களில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த மாடுபிடிச் சண்டையைப் பற்றிச் சொல்கிறது. அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். எதிரிகள் வந்து மந்தையை ஓட்டிப் போவார்கள். இதற்கு 'ஆகோள்' என்று பெயர். அதில் நடந்த சண்டையில் ஒருவன் மாண்டான். அவனுக்கு ஊரார் கல் நட்டார்கள்.

கல்லில் என்ன எழுதினார்கள்? நீண்ட புகழ்ச்சி இல்லை. அரசன் பேர் இல்லை. நடந்த ஊர், நடந்த காரியம், மாண்டவனின் பெயர். அவ்வளவுதான்.

அந்தவன். அதுதான் அவன் பெயர்.

எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்த காலம் அது. உளி பிடித்துக் கல்லில் எழுத்து வெட்டுவது எளிய வேலையும் அல்ல. ஆனாலும் ஊரார் அவன் பெயரை வெட்டி வைத்தார்கள். இரண்டாயிரம் மழைக் காலம் போய்விட்டது. பாண்டியரும் நாயக்கரும் வெள்ளைக்காரரும் வந்து போனார்கள். அந்தவன் பெயர் அழியவில்லை!

திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் இப்படி ஒரு பழைய எழுத்துக் கல் கிடைத்திருக்கிறது. ஆக, விழுந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் எழுதுவது இந்த வட்டாரத்து மக்களுக்குப் புது வழக்கம் அல்ல. மிகப் பழைய வழக்கம்.

அன்றைய விழாக் குழு

கல் தானாக முளைக்காது. அதை நட ஆள் வேண்டும்.

பழைய இலக்கண நூலான தொல்காப்பியம், நடுகல் நடுவதில் உள்ள கட்டங்களை வரிசையாகச் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு கட்டங்கள்.

எளிய சொல்லில் சொன்னால் இப்படி: முதலில், தகுந்த கல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதைக் கொண்டுவரும் காரியத்தைத் தொடங்க வேண்டும். கொண்டுவந்த கல்லை நீராட்ட வேண்டும். நட வேண்டும். படையல் இட்டுச் சிறப்புச் செய்ய வேண்டும். கடைசியில் வாழ்த்த வேண்டும்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலையில் கல் தேடி அலைந்தவர் யார்? அதைத் தூக்கி வந்த தோள்கள் யாருடையவை? தண்ணீர் சுமந்தவர்கள் யார்? படையலுக்கு அரிசி கொடுத்தது எந்த வீடு?

அவர்கள் பெயர் எதுவும் கல்லில் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அந்தவன் பெயரும் இல்லை!

இன்று நாம் 'விழாக் குழு' என்கிறோம். அன்று அதற்குப் பெயர் இருந்ததோ இல்லையோ, குழு இருந்தது. வேலை செய்தது.

நாய்க்கும் பெயர் உண்டு!

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய உண்டு. அங்கே எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு கல். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்டது.

அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது!

வீரன் சண்டையில் விழுந்தான். அவனோடு இருந்த நாய் ஓடிப் போகவில்லை. கள்ளர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. ஊரார் அதையும் மறக்கவில்லை. நாயின் பெயரையும் கல்லில் வெட்டினார்கள்.

கோவிவன். அதுதான் அந்த நாயின் பெயர்.

நன்றி உள்ள பிராணி என்று நாயைச் சொல்வோம். அந்த நாய்க்கே நன்றி சொன்ன மக்கள் அவர்கள்!

இந்த இடத்தில் கோவிவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கதையைப் படிக்கும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வரும்.

கடல் தாண்டிப் போனவர்கள்

1914-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் பெரும் போர் மூண்டது. இதைத்தான் இப்போது முதல் உலகப் போர் என்கிறோம்.

அந்தப் போர் எங்கோ நடந்த சண்டை அல்ல. தமிழ்நாட்டின் வாசலுக்கே வந்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அன்று முதல், கெட்டிக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கமும் தமிழில் வந்துவிட்டது.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் அந்தப் போருக்காகக் கடல் தாண்டிப் போனார்கள். தமிழர்களும் போனார்கள். பாளையங்கோட்டையின் பெயரைக் கொண்ட காலாட்படை ஒன்று, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் போர் செய்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற படையினர் மெசபடோமியாவில் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். மெசபடோமியா என்றால் இன்றைய ஈராக்.

வெயிலும் பாலைவனமும். புரியாத பாஷை. குண்டுக்குத் தப்பினால் காய்ச்சல்; காய்ச்சலுக்குத் தப்பினால் வயிற்றுக்கடுப்பு.

போர் முடிந்தது. கணக்கு எடுத்தார்கள். சுமார் 74,000 இந்தியர்கள் திரும்பவில்லை.

சுவரில் ஒரு பலகைக் கல்

போருக்குப் பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. அதிகம் பேரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்களில் ஞாபகக் கற்களைப் பதித்தது. இந்தியாவில் பல இடங்களில் இவை இருக்கின்றன. தமிழ்நாட்டு ஊர்களிலும் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்தில், 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டையிலும் அப்படி ஒரு கல் உண்டு.

அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கும்? எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள். அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள்.' நடுவில் ஆண்டு: 1914-1919.

அவ்வளவுதான். பெயர் இல்லை!

இப்படிப்பட்ட கல் உள்ள எந்த ஊரிலும் இந்தப் பேச்சு நடக்கலாம்.

"அப்பத்தா! இந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு?"

"சண்டைக்குப் போனவுக கணக்குய்யா."

"யார் யாரு போனா?"

"நம்ம ஊர் ஆளுகதான்."

"அவுக பேரு என்ன அப்பத்தா?"

கிழவி வாயைத் திறப்பாள். பிறகு மூடிக்கொள்வாள். அவளுடைய அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் போய்விட்டாள். பெயரும் அவளோடு போய்விட்டது.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மாண்ட அந்தவன் பெயர் தெரிகிறது. 1,400 ஆண்டுக்கு முன் காவல் நின்ற நாயின் பெயர் தெரிகிறது. நேற்று என்று சொல்லத்தக்க காலத்தில், நூறு ஆண்டுக்குச் சற்று முன், அதே மண்ணிலிருந்து போனவன் பெயர் தெரியவில்லை!

இது ஏன்?

பாஸ்ராவில் நடந்த அநியாயம்

விடை ஈராக்கில் இருக்கிறது.

அங்கே பாஸ்ரா நகரத்தில், பிரிட்டிஷார் 1929-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஞாபகச் சின்னம் திறந்தார்கள். மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்காக அதைக் கட்டினார்கள்.

அதில் வெள்ளைக்கார வீரர்களின் பெயர்களை எழுதினார்கள். சாதாரணச் சிப்பாய்வரை எல்லோர் பெயரும் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை எழுதினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ? எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். இன்ன படையில் இத்தனை பேர்!

ஒரே வெயில். ஒரே குண்டு. ஒரே சாவு. கல்லில் மட்டும் வேறுபாடு!

இதை இந்தியர்கள் மட்டும் சொல்லவில்லை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே பின்னர் இதை விசாரித்தது. 2021 ஏப்ரலில் அந்த விசாரணை அறிக்கை வெளிவந்தது. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த 45,000 முதல் 54,000 வீரர்கள், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. மேலும் 1,16,000 பேராவது பெயரில்லாமலோ, நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டனர் என்றும் சொன்னது. அந்தத் தொகை மூன்றரை லட்சம்கூட இருக்கலாமாம்!

ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் அந்நாட்டு ராணுவ மந்திரி மன்னிப்புக் கேட்டார்.

நூறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு. ஆனாலும் அதற்கு ஒரு பயன் உண்டு. 'பெயர் முக்கியம்' என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. புலிமான்கோம்பை ஊரார் இதை முன்பே அறிந்திருந்தார்கள்!

மீண்டும் பெயர் வந்தது

சுதந்திர இந்தியாவில் நிலைமை மாறியது.

டில்லியில், இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி திறக்கப்பட்டது. வட்டம் வட்டமாகச் சுவர்கள். 1947-க்குப் பிறகு நாட்டுக்காக மாண்ட 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு கல். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு.

அந்தப் பெயர்களில் தென்பாண்டிச் சீமைப் பெயர்களும் உண்டு.

ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்தவர் பழனி. பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, ஹவில்தார் ஆனவர். 22 ஆண்டு சேவை. ஊர்ப்பக்கம் புதிதாக வீடு கட்டினார். 2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் கிரகப்பிரவேசம். எல்லையில் வேலை இருந்ததால் அவரால் வர முடியவில்லை.

அதே ஜூன் 15-ஆம் தேதி இரவு, லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினரோடு கைகலப்பு. அதில் மாண்ட 20 இந்திய வீரர்களில் பழனியும் ஒருவர். கட்டிய வீட்டில் அவர் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை.

அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. கல்வான் போகும் வழியில் ராணுவத்தார் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் 20 பேரின் பெயரும் இருக்கிறது.

ராமேசுவரத்தில் பிறந்து, திருச்சியைச் சொந்த ஊராகக் கொண்டவர் மேஜர் சரவணன். 1999-ஆம் ஆண்டு கார்கில் போர். மே 29-ஆம் தேதி படாலிக் பகுதியில், மலை உச்சியில் இருந்த எதிரிகளைத் தாக்கப் போனார். அங்கேயே விழுந்தார். குண்டு மழை ஓயவில்லை. உடலை எடுத்து வர முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அவர் பனியிலேயே கிடந்தார்!

அவரையும் நாடு வீர் சக்ரா கொடுத்து வணங்கியது. திருச்சி மக்கள் நகரத்துக்குள் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

மதுரை மாவட்டத்திலும் அண்மையில் இந்தச் சோகம் நடந்தது. டி.புதுப்பட்டியைச் சேர்ந்த லட்சுமணன் என்ற 24 வயது வீரர், 2022 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, காஷ்மீரத்து ரஜௌரியில் மாண்டார். விடிவதற்கு முன் முகாமுக்குள் நுழைய முயன்ற பயங்கரவாதிகளைத் தடுத்த சண்டை அது. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவுக்கு நான்கே நாள் இருந்தது. ஊர்களில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வந்தது.

அரசு மரியாதை நடந்தது. குண்டு முழங்கியது. பெரியவர்கள் வந்தார்கள், மாலை வைத்தார்கள், போனார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு? அதற்கும் அடுத்த ஆண்டு?

அங்கேதான் உள்ளூர்க்காரர்களின் வேலை தொடங்குகிறது.

நினைவு நாள் எப்படி நடக்கிறது?

நினைவு நாள் என்று சுவரொட்டியில் படிப்பது எளிது. நடத்துவது எளிதல்ல. நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு மாதம் முன்னாலேயே பேச்சு ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஆரம்பிப்பவர் ஓர் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர். விறைப்பாக நடப்பார். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு. அதில் வரவு செலவு, ஐந்து ரூபாய்கூடத் தப்பாது.

பந்தலுக்கு ஓர் இளைஞர். மைக் செட்டுக்கு வேறொருவர். "நம்ம ஊர்ப் பையனுக்குச் செய்யுறதுக்கு வாடகையா கேப்பேன்?" என்று சொல்லிவிட்டு, வயர் சுற்றிக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடத்து ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பார். பூக்காரம்மா மாலைக்குக் காசு வாங்க மாட்டார். வாங்கினாலும் பாதிதான் வாங்குவார்.

அன்று காலை, படத்துக்கு மாலை. குத்துவிளக்கு. தாயை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். தேசியக் கொடி ஏறும். பிறகு இரண்டு நிமிட மௌனம்.

அந்த இரண்டு நிமிடம்தான் விழாவின் உயிர். நூறு பேர் கூடிய இடத்தில் காற்றில் பந்தல் துணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். கைக்குழந்தை ஒன்று சிணுங்கும். அந்தத் தாய் தலை குனிந்திருப்பார்.

பிறகு மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம். வந்தவர்களுக்குச் சாப்பாடு. பேச்சுகள்.

இவ்வளவுக்கும் பின்னால் இருப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை. பதவி இல்லை. சில சமயம் கெட்ட பெயர்கூட வரும். "வசூல் பண்ணிட்டாங்கப்பா!" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. "சுவரொட்டியில் என் பெயர் ஏன் கீழே இருக்கு?" என்று கோபிப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டும் நடத்துகிறார்கள்.

ஏன்?

முதல் ஆண்டு துக்கம் நடத்தி வைக்கும். இரண்டாம் ஆண்டு கடமை நடத்தி வைக்கும். பத்தாம் ஆண்டும் நடக்க வேண்டுமானால், பிடிவாதமாக ஒருவர் வேண்டும்! அந்த ஒருவர் இல்லாத ஊரில், படம் முதலில் சுவரிலிருந்து இறங்கும். பிறகு பரணுக்குப் போகும். ஒரு தலைமுறை கழிந்தால் அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்கும் நிலை வந்துவிடும்.

உண்டியல் பிடிக்கும் சின்னக் கைகள்

நாடு முழுவதற்கும் பொதுவான நாள் ஒன்று உண்டு. டிசம்பர் 7, கொடி நாள். 1949-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது.

சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம் கொண்ட சின்னக் கொடி. சிவப்பு தரைப்படைக்கு. கருநீலம் கப்பற்படைக்கு. வெளிர்நீலம் விமானப்படைக்கு.

அன்று பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் எடுத்துக்கொண்டு வருவார்கள். சட்டையில் கொடியைக் குத்துவார்கள். நாம் காசு போடுவோம். அந்தப் பணம் மாண்ட வீரர்களின் குடும்பத்துக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் போகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. விதவை பென்ஷன், பிள்ளைகளின் படிப்பு உதவி என்று எதுவானாலும் அங்கே போய்க் கேட்கலாம்.

ஆனால் எத்தனையோ தாய்மார்களுக்கு அந்த அலுவலகத்துக்குப் போகும் வழி தெரியாது. மனு எழுதத் தெரியாது. அப்போது கூடப் போகிறவர் யார்? அதே நோட்டுப் புத்தகப் பெரியவர்தான்! நினைவு நாளில் பந்தல் போடுவது அவர் வேலையில் ஒரு பாதி. மறு பாதி, ஆண்டு முழுவதும் நடக்கிறது. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

பரணில் இருக்கும் பெயர்

சரி, பெயர் தொலைந்துபோன பழைய வீரர்களுக்கு என்ன வழி?

வழி இருக்கிறது.

லாகூர் அருங்காட்சியகத்தில் பழைய பதிவேடுகள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாப் வீரர்கள் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேரின் விவரம், ஊர்வாரியாக அவற்றில் இருந்தது. பல பத்தாண்டு யாரும் அவற்றைப் புரட்டவில்லை. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியர் சங்கம் ஒன்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. 2021-இல் முதல் பகுதி வெளியானது. பேரன்கள், கொள்ளுப் பேரன்கள் தங்கள் தாத்தாவின் பெயரைக் கண்டு கண்ணீர் விட்டார்கள்.

அங்கும் தொடங்கி வைத்தது தொண்டு செய்பவர்கள்தான்!

தமிழ்நாட்டிலும் இதைச் செய்யலாம். பெரிய பணம் தேவையில்லை. முதலில் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

முதல் உலகப் போரில் சேவை செய்தவர்களுக்கு வெள்ளி மெடல் கொடுத்தார்கள். அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். பொடி எழுத்தில், வீரரின் எண், பெயர், படையின் பெயர் வெட்டியிருக்கும்! மாண்டவரின் குடும்பத்துக்கு, உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுப் பெரிய வெண்கல வட்டத் தகடு ஒன்று அனுப்பினார்கள். சுமார் 12 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதில் மாண்டவரின் பெயர் புடைத்த எழுத்தில் இருக்கும். பழைய உலோகம் என்று அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊர்க் கல்லில் இல்லாத பெயர் அதில் இருக்கலாம்!

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலையும் யாரும் பணம் கட்டாமல் கணினியில் பார்க்கலாம். சில பெயர்களுக்கு எதிரே தந்தையின் பெயரும் ஊரின் பெயரும்கூட இருக்கும். கல்லூரியில் படிக்கும் பேரன் கைபேசியிலேயே தேடிச் சொல்வான். ஆனால் எந்தப் பெயரைத் தேடுவது என்பதை அப்பத்தாதான் சொல்ல வேண்டும். அதனால் அப்பத்தா இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் முதலில் எழுதிப் பார்ப்பது தங்கள் பெயரை. அடுத்ததாக, ஊருக்காகப் போய்த் திரும்பாதவரின் பெயரை எழுதி வைத்தால், அந்தப் படிப்புக்கே பெருமை!

கடைசிப் பேச்சு

தமிழ்நாட்டுக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் நன்றியுரை என்று அறிவிப்பார்கள். உடனே சனம் எழுந்துவிடும். செருப்பைத் தேடும். பிள்ளையைத் தூக்கும். மேடையில் ஒருவர் துண்டுக் காகிதத்தைப் பார்த்து, "பந்தல் அமைத்துத் தந்த..." என்று படித்துக்கொண்டிருப்பார். கேட்பதற்கு ஆள் இருக்காது.

அந்தத் துண்டுக் காகிதத்தில் என்ன இருக்கிறது? பந்தல் போட்டவர். மைக் கட்டியவர். தண்ணீர் கொடுத்தவர். சோறு வடித்தவர். கணக்கு எழுதியவர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மலையில் கல் தேடியவர்களின், நீர் சுமந்தவர்களின் வாரிசுகள் அவர்கள்!

நினைவுக் கல்லில் வீரனின் பெயர் நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும். அந்தக் கல்லை நிறுத்தியவர்களின் பெயருக்கு இருப்பதெல்லாம் ஒரு துண்டுக் காகிதமும், ஐந்து நிமிட நேரமும்தான்.

அடுத்த முறை உங்கள் ஊரில் அப்படி ஒரு நினைவு நாள் நடக்கும். நன்றியுரை என்று அறிவிப்பார்கள். எழுந்துவிடாதீர்கள்.

உட்கார்ந்து கேளுங்கள். கடைசிப் பெயர் வரை கேளுங்கள். பிறகு கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்!